கடலுக்குள் கேமரா: மாமா பதில்கள்

● புது மாப்பிள்ளை, தேசூர்: தையில கல்யாணம், மாசியில அந்தமான். தண்ணிக்குள்ள போற ஆக்‌ஷன் கேமரா வாங்கணும். கடையில முதல்ல என்ன கேட்கணும் மாமா?

"எத்தனை மீட்டர் தாங்கும்?" இதைக் கேளுங்கள், மாப்பிள்ளை. மெகாபிக்சலில் ஆரம்பித்தால் கடைக்காரர் அடுத்த அலமாரிக்கு அழைத்துப் போவார். அங்கே விலை கூடுதல். ஆழத்தைக் கேட்டால் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். அவரைப் படிக்க வைத்துவிட்டால் பாதி வியாபாரம் உங்கள் பக்கம்.

● அதே மாப்பிள்ளை: சரி, எத்தனை மீட்டர் வேணும்?

நீங்கள் எத்தனை மீட்டர் போவீர்கள், அதைச் சொல்லுங்கள். முகத்தை மட்டும் முக்கி மீன் பார்க்கும் ஸ்நார்க்கலிங் என்றால் இரண்டு, மூன்று மீட்டர். பயிற்றுநர் கையைப் பிடித்து இறங்கும் முதல் ஸ்கூபாவுக்கு உச்ச வரம்பு 12. வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கினால் 18.

இப்போது கேமராவுக்கு வருவோம். 2024-ல் வந்த மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் உடம்போடு கோப்ரோ ஹீரோ13 பிளாக் 10 மீட்டர் தாங்கும், இன்ஸ்டா360 ஏஸ் ப்ரோ 2 தாங்குவது 12, டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20. மூன்றுக்கும் 60 மீட்டர் தாங்கும் கூடு தனியாகக் கிடைக்கிறது. ஸ்நார்க்கலிங் மட்டும் என்றால் கூட்டுக்குக் கொடுக்கும் காசில் இளநீர் குடியுங்கள். ஸ்கூபா என்றால் கூடு வாங்குங்கள். 10 தாங்கும் கேமராவை 12-க்குக் கொண்டுபோய்ப் பரீட்சை வைக்க வேண்டாம்.

● மாப்பிள்ளையின் மச்சான், தேசூர்: என் செல்போனே ஐபி68. அது போதாதா?

அந்த 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. எட்டு என்றால் எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம் என்பதைக் கம்பெனியே தீர்மானித்துக்கொள்ளலாம். சோதிப்பது அலையில்லாத நல்ல தண்ணீரில். கடலில் உப்பு, அலை, மணல் மூன்றும் உண்டு. தண்ணீர் புகுந்த போனுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதும் இல்லை. மழைக்கு வாங்கிய போன், மச்சான். மழையோடு நிறுத்துங்கள்.

● கல்லூரி மாணவி, சேத்துப்பட்டு: கழுத்துல தொங்கவிடற பிளாஸ்டிக் பை வாங்கிப் போனை அதுக்குள்ள போட்டுக்கலாமா?

முதலில் டிஷ்யூ பேப்பரைப் போடு தாயி. பையை மூடி வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே ஒரு கனத்த சொம்பை வைத்து அரை மணி நேரம் விடு. பேப்பர் காய்ந்திருந்தால் போனுக்கு அனுமதி. இன்னொன்று: தண்ணீருக்குள் பை அழுத்தும்போது தொடுதிரை உன் பேச்சைக் கேட்காது. கரையிலேயே வீடியோவை ஓட விட்டு இறங்கு. பேப்பர் நனைந்திருந்தால், நஷ்டம் ஒரு பேப்பர்தான்.

● பிளஸ் டூ மாணவன், வந்தவாசி: 10 மீட்டர்னா என்ன பெரிய அழுத்தம்?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சதுர செ.மீ.-க்குச் சுமார் 1 கிலோ. உள்ளங்கை கேமராவின் முன்முகம் 7-க்கு 5 செ.மீ. பெருக்கிப் பார். உன் தம்பி அதன் மேல் ஏறி நிற்கிறான்.

● பட்டு நெசவாளர், தேசூர்: தண்ணி எந்த வழியா உள்ளே போகும்?

பேட்டரிக் கதவு வழியாக. அந்தக் கதவின் விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் ஓடுகிறது. மொத்த கேமராவின் உயிரும் அதில்தான். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி, ஒரு பட்டு இழை குறுக்கே படுத்தால் போதும். ஆழத்தில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

நம் வீடுகளில் பாவு ஓட்டும்போது பட்டுத் துசும்பு காற்றில் மிதக்குமே, அந்த அறையில் கதவைத் திறக்காதீர்கள். பேட்டரி மாற்றுவதானால் கையைத் துடைத்து, ரப்பரை மெல்லிய துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து மூடுங்கள். இழையில் குறை கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக்காரர்கள் அதற்குப் பூதக்கண்ணாடி வாங்க வேண்டும்.

● அவர் மனைவி: என் அரக்குப் பட்டுப் புடவையைத் தண்ணிக்குள்ள எடுத்தா நிறம் அப்படியே வருமா?

வராது அம்மா. சூரிய ஒளியில் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். நாலைந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். பத்தில் ஏறக்குறைய காணாமலே போகும். அரக்குப் புடவை அங்கே மண் பிடித்த கருப்பாகத் தெரியும். ஆழத்தில் முழங்கை சிராய்த்தால் ரத்தமே பச்சையாகத் தெரியும் என்று முத்துக்குளிப்பவர் முதல் ஸ்கூபாக்காரர் வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வழி மூன்று. இரண்டு மீட்டருக்குள்ளேயே எடுப்பது. லென்ஸ் மேல் சிவப்பு ஃபில்டர் மாட்டுவது. மேலே வந்ததும் கழற்ற மறந்தால் முகமெல்லாம் செம்பருத்தி. மூன்றாவது, கிட்டத்தில் டார்ச் அடிப்பது. நாலாவதும் உண்டு: அசல் ஜரிகைப் புடவையை உப்புத் தண்ணீரில் நனைக்காமல் இருப்பது. இதற்கு நான் முதல் ஓட்டுப் போடுகிறேன்.

● ரீல்ஸ் தம்பி, ஆரணி: கேமராவைக் கடலுக்குள்ள விட்டுட்டு, படகுல இருந்து போன் மூலமா இயக்கலாமா?

முடியாது. வைஃபை அலை உப்புத் தண்ணீரில் சில சென்டிமீட்டரிலேயே செத்துப்போகும். பேச்சுக்குக் கட்டுப்படும் வசதியும் உள்ளே எடுபடாது. தொடுதிரையையும் தண்ணீர் தொட்டுக் குழப்பும் என்பதால் இறங்கும் முன் திரையைப் பூட்டிவிட்டுப் பொத்தானைப் பயன்படுத்து. கடலுக்கு அடியில் இன்னும் பட்டன் ராஜ்ஜியம்தான்.

● அதே தம்பி: 5.3கே எடுக்கட்டுமா, 4கே எடுக்கட்டுமா?

யார் பார்க்கப் போகிறார்கள்? போனில் என்றால் 4கே தாராளம். கணக்கைக் கேள்: ஹீரோ13 உச்சத் தரத்தில் நொடிக்கு 120 மெகாபிட் எழுதுகிறது. அதாவது 15 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 54 ஜிபி. 64 ஜிபி கார்டோடு போனால் மத்தியான மீனுக்கு இடம் இருக்காது.

கார்டில் வி30 என்று அச்சிட்டிருக்கிறதா பார். நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்பதற்கான முத்திரை அது. பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் 512 ஜிபி கார்டு, உள்ளே பாதிகூட இல்லாமல் இருக்கலாம். ஊரில் இருக்கும்போதே முழுதாக நிரப்பிப் பார்த்துவிடு. டிஜேஐ 5 ப்ரோவில் உள்ளேயே 47 ஜிபி இடம் இருக்கிறது. கார்டை வீட்டு அலமாரியில் மறக்கும் ஜாதியானால் அதை வாங்கு.

● வங்கி ஊழியர், செய்யாறு: பேட்டரி ஒண்ணு போதுமா?

மூன்று வையுங்கள். ஸ்பேர் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். லக்கேஜில் போடக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் வையுங்கள். சாவிக்கொத்தோடு ஒரே ஜிப்பில் போட்டால் பொறி பறக்கும், அதுவும் 30,000 அடி உயரத்தில்.

● விவசாயி மகன், தேசூர்: அந்தமான் எல்லாம் வேணாம் மாமா. எங்க வயக்காட்டுக் கிணத்துல குதிக்கிறதை எடுக்கணும்.

இதுவல்லவோ கேள்வி! வெயில் காலத்தில் நமக்கு வாய்த்த உல்லாசப் பயணம் பம்ப்செட்டும் கிணறும்தான்.

அடங்கிய தண்ணீரில் மெல்ல இறங்கும்போது 10 மீட்டர் தாங்கும் கேமரா, பதினைந்து அடி உயரத்திலிருந்து கையோடு குதிக்கும்போது தண்ணீர்ப் பரப்பில் வாங்கும் அறை வேறு கணக்கு. கதவு விட்டுக்கொடுக்கும். தலையில் கட்டினால் பட்டை கழன்று கிணற்றோடு போகும். குதிக்கிறவனிடம் கேமரா வேண்டாம். கிணற்றுப் படியில், தண்ணீரை ஒட்டிக் கவட்டை ஸ்டாண்டில் நிறுத்து. பாதி தண்ணீர், பாதி வானம் தெரிகிற மாதிரி. ஸ்லோ மோஷனில் 120 ஃப்ரேம் வை.

படிக்கட்டில் நீச்சல் தெரிந்த ஒருவன் குதிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் கேமராவைப் பார்க்க வேண்டாம், உங்களைப் பார்க்கட்டும். இது ஒன்றில் மாமா சமரசம் செய்ய மாட்டேன்.

● பாட்டி, தேசூர்: கேமரா மிதக்குமா கண்ணு?

மூழ்கும் பாட்டி. மிதக்கும் கைப்பிடி என்று ஆரஞ்சு நிறத்தில் விற்கிறார்கள், அதைப் பேரனுக்கு வாங்கிக் கொடுங்கள். மணிக்கட்டில் கயிறும் கட்டச் சொல்லுங்கள். பேரன் மிதப்பானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

● தொழிலதிபர், ஆரணி: திரும்பி வந்ததும் கேமராவை என்ன பண்ணணும்?

திரும்பி வரும் வரை காத்திருக்காதீர்கள். கடலை விட்டு ஏறிய அரை மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீர் மக்கில் ஊறப் போடுங்கள், கதவை மூடியபடியே. பட்டன்களை உள்ளேயே நாலு தடவை அமுக்குங்கள். இடுக்கில் இருக்கும் உப்பு வெளியேறும். குழாயை முழுசாகத் திறந்து அடிக்காதீர்கள். ஆழத்து அழுத்தத்தைத் தாங்குவது வேறு, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்குவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. நிழலில் உலர்த்தி, முழுதும் காய்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

உப்பு காய்ந்து படிகமாகிவிட்டால் ரப்பரை அறுக்கும், உலோகத்தை அரிக்கும். பல கேமராக்கள் கடலில் சாவதில்லை. ஓட்டல் அறை மேஜையில், மறுநாள் காலையில்தான் சாகின்றன.

● இல்லத்தரசி, போளூர்: தண்ணி உள்ளே போயிட்டா அரிசி டப்பாவுல போடலாமா?

அரிசி சோற்றுக்கு. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள், சர்வீசுக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் புகுந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும்.

● ஆசிரியர், பெரணமல்லூர்: லென்ஸ் உள்ளே பனி படியுதே, ஏன்?

கரையில் வேகிற காற்றைக் கூட்டுக்குள் வைத்து மூடுகிறீர்கள். கடலுக்குள் கண்ணாடி குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் ஒட்டுகிறது. ஏசி அறையில் மூடிக்கொண்டு போங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை உள்ளே செருகுங்கள். "சாப்பிடாதீர்" என்று எழுதிய ஒரே உபயோகமான பொருள்.

● வரலாற்று மாணவி, வந்தவாசி: நம்ம ஊருக்குக் கிட்டத்துல ஸ்கூபா எங்கே?

உன் பாடப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. 1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். ஆங்கிலேயத் தளபதி எயர் கூட்டிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சேத்துப்பட்டு, செஞ்சி வழியாகப் புதுச்சேரிக்குப் பின்வாங்கியது. அதே ரோட்டைப் பிடி. புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத் தரும் நிலையங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் போகாதே. வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கிவிடும். லாலி அடுத்த ஜனவரியில் புதுச்சேரியையும் இழந்தார். நீ ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு போ.

● சிவனடியார், திருவண்ணாமலை: கடலுக்குள் கோயில் இருப்பது உண்மையா? படம் எடுத்திருக்கிறார்களா?

உண்மை ஐயா. திருகோணமலைக் கோணேசர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். மிச்சம் பாறை உச்சியிலிருந்து கடலில் விழுந்து கிடந்தது.

1956-ல் இரண்டு பேர் அந்தப் பாறையடியில் மூழ்கினார்கள். ஒருவர் ஆர்தர் சி. கிளார்க், விண்வெளிக் கதைகளின் பெரிய ஆசான். மற்றவர் மைக் வில்சன், கடலடிக் கேமராக்காரர். செதுக்கிய தூண்களும் கற்களும் அடியில் கிடப்பதைக் கண்டார்கள். மறு வருஷம் கிளார்க் எழுதிய "த ரீஃப்ஸ் ஆஃப் டேப்ரபேன்" நூலில் இதெல்லாம் வந்தது. வில்சன் அதோடு நிற்கவில்லை. 1962-ல் "ரன்முத்து தூவ" எடுத்தார். சிங்களத்தின் முதல் வண்ணப்படம், கடலடிக் காட்சிகளோடு.

விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பதை எழுதியவர், அதைப் பூமியிலேயே அனுபவிக்கத்தான் கடலுக்கு வந்தார். இலங்கையிலேயே தங்கியும் விட்டார். எனக்கு இதில் பெருமை: நம் தேவாரத் தலத்தின் கற்களைக் கடலுக்கு அடியில் தேடிக் கும்பிடாத குறையாக எழுதியவர் ஓர் இங்கிலாந்துக்காரர். நம் கையில் இன்று உள்ளங்கைக் கேமரா இருக்கிறது. நாம் அதில் பாதி நேரம் நம் முகத்தை எடுக்கிறோம்.

● அவரே: நான் அங்கே போனால் எப்போது போகலாம்?

சித்திரை கடைசி முதல் புரட்டாசி வரை கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். பக்கத்தில் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. ஸ்நார்க்கலிங் முகமூடியோடு பவளப் பாறை பார்க்கலாம். முதலில் கோணேசர், பிறகு மீன்.

● தையற்காரர், தேசூர்: கோப்ரோவை யார் கண்டுபிடிச்சது?

உங்கள் இனத்தார்தான்! நிக் உட்மன், கலிஃபோர்னியா. அலைச்சறுக்கு ஆடும்போது தன்னையே படமெடுக்க ஆசை. கேமராவை மணிக்கட்டில் கட்டும் பட்டையைத்தான் முதலில் யோசித்தார். அதை அம்மாவின் தையல் மெஷினில் தைத்தார். 2002-ல் கம்பெனி, 2004-ல் முதல் கேமரா, அதுவும் 35 எம்எம் ஃபிலிம் ரோல் போட்டது. பட்டையில் பிறந்து பிறகு கேமராவான கம்பெனி.

● புகைப்படக்காரர், ஆரணி: அதுக்கும் முன்னாடி?

லூயி பூட்டான், பிரான்ஸ், 1893. ஒரு படத்துக்கு அரை மணி நேரம்கூடக் கடலடியில் காத்திருந்தார். நம் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை ஒரு நிமிஷம் சிரிக்க அலுத்துக்கொள்கிறார்.

● அரசு ஊழியர், செய்யாறு: வீடியோ வேணாம். நல்ல போட்டோ, சின்னச் சின்ன உயிர்களை எடுக்கணும்.

அப்படியானால் ஆக்‌ஷன் கேமராவைத் தாண்டிப் போங்கள். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 என்று ஒன்று, 2023-ல் வந்தது. கூடில்லாமல் 15 மீட்டர், 4 மடங்கு ஜூம், 1 செ.மீ. நெருக்கத்திலிருந்து படம். ஆக்‌ஷன் கேமராவின் அகல லென்ஸுக்கு ஓர் அடி தள்ளி இருக்கும் மீனும் சிறுத்துத்தான் தெரியும். பொறுமைசாலிக்கு டிஜி-7, குதிக்கிறவருக்கு மற்றது.

● கல்லூரி மாணவர்கள், தேசூர்: ராமேஸ்வரம் போறோம். மன்னார் வளைகுடாத் தீவுல இறங்கி எடுக்கலாமா?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் 448 சதுர கி.மீ. கடற்பசுவுக்கென்றே 2022-ல் ஒதுக்கியிருக்கிறது தமிழ்நாடு அரசு. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அங்கே போங்கள். காசு ஊர்க்காரர் வீட்டுக்குப் போகும், படமும் கிடைக்கும்.

● அவர்களில் ஒருவன்: ஒரு சின்னப் பவளத் துண்டு எடுத்துட்டு வந்தா?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப் பாறை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. அது கல் இல்லையடா, உயிர். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிற வகைகள் உண்டு. நீ செல்ஃபி ஸ்டிக்கால் ஊன்றி உடைக்கும் ஒரு கிளை, உன் வயசைவிட மூத்ததாக இருக்கலாம். மூத்தவர் மேல் கால் வைக்காதே என்று வீட்டில் சொல்லித் தந்திருப்பார்களே.

● மாப்பிள்ளை மறுபடியும், தேசூர்: அவங்களுக்கு நீச்சல் தெரியாது மாமா. ஸ்கூபாவுல நான் கேமராவோட போகட்டுமா, அவங்க கையைப் பிடிக்கட்டுமா?

கையைப் பிடியுங்கள். முதல் தடவை இறங்குகிறவர் கையில் கேமரா இருந்தால் மூச்சு விடுவதையும் காது அடைப்பையும் மறந்து திரையைப் பார்ப்பார். பல இடங்களில் பயிற்றுநரே படம் எடுத்துத் தருவார்; முன்பணம் கட்டும்போதே கேளுங்கள். கடைசியாக மூழ்கிய பிறகு உடனே விமானம் ஏறாதீர்கள்: ஒரு முறை மட்டும் என்றால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

● மாப்பிள்ளையின் அப்பா: ஒரே ஒரு பயணத்துக்கு இவ்வளவு காசு போடணுமா?

வேண்டாம் சம்பந்தி. ஒரு பயணம்தான் என்றால் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்தும் வாரம் ஒரு தடவையாவது கையில் எடுப்பான் என்றால் வாங்கித் தாருங்கள். அலமாரியில் தூங்கும் கேமராவின் பேட்டரி உப்பிப்போகலாம்.

● பட்டு நெசவாளர், தேசூர்: வாரம் ஒரு தடவை நான் எடுக்கிறேன். எங்க தறியை எடுக்க அது ஆகுமா?

பேஷாக ஆகும். குழித்தறிக்குப் பக்கத்தில் பெரிய கேமராவுக்கு இடம் ஏது? இது விழுதுக்கும் பலகைக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அகல லென்ஸ் என்பதால் ஓர் அடி தூரத்திலிருந்தே முழுப் பாவும் தெரியும். நாடா பாய்வதை 4கே-யில் 120 ஃப்ரேமில் எடுங்கள். ஊடை விழும் கணம் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். ஆரணிப் பட்டு வாங்குகிறவர் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

கேமரா அமைப்பில் ஆன்டி ஃப்ளிக்கர் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள், நம் நாட்டு மின்சாரம் அதுதான். 120 ஃப்ரேமில் டியூப் லைட் வெளிச்சம் அப்போதும் படபடக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் தொல்லை இல்லை. கேமராவை நாடா மேலேயே கட்டி எடுக்கலாமா என்று உங்கள் பையன் அடுத்து கேட்பான். இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது, பாவு அறுந்தால் பிணைக்கப் போவது நீங்கள்.